தப்பியோடியவர்கள் வரி ரசீதை ஏன் சுமந்தார்கள்?

கேள்வி: நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதக் குடும்பங்களின் காகிதங்களை நியூயார்க் ஆவணக் காப்பகம் ஒன்றின் இணையதளத்தில் பார்த்தேன். கடிதங்களுக்கு நிகராக வரி ரசீதுகளும் சான்றிதழ் நகல்களும் குவிந்திருக்கின்றன. உயிருக்கு அஞ்சி ஓடியவர்கள் இவற்றை ஏன் சுமந்தார்கள்? இலங்கையிலிருந்து திரும்பிய என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலும் இப்படிப்பட்ட காகிதங்கள் இருக்கின்றன, எவற்றைக் கழிக்கலாம்?
– வாசகி ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: அவர்களை எளிதில் ஓடவிடவில்லை என்பதற்கு அந்த ரசீதுகளே சாட்சி. நாட்டைவிட்டு வெளியேறுவோரில் ஒரு வரம்புக்கு மேல் சொத்துள்ளவர்கள் அதில் கால் பங்கை வரியாகச் செலுத்த வேண்டும்; வரி பாக்கி இல்லை என்று எல்லோரும் சான்றிதழ் பெற்றாக வேண்டும். கடைசியில் கையில் எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டது 10 மார்க் மட்டுமே. மறுபுறம், ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து அமெரிக்கா ஒதுக்கிய இடங்கள் ஆண்டுக்கு 27,370. அதற்கும் அங்குள்ள உறவினரோ நண்பரோ தம் வருமானத்தைக் காட்டிப் பிணை எழுதித் தர வேண்டும். பிணை வந்து சேர்வதற்குள் வரிச் சான்றிதழ் காலாவதியாகும். அதைப் புதுப்பிப்பதற்குள் கப்பல் போய்விடும். இந்த அலைச்சலைக் கடிதங்களைவிடத் துல்லியமாகச் சொல்பவை ரசீதுகளின் தேதிகள்தான் என்பது என் கருத்து.

1938 அக்டோபருக்குப் பிந்தைய கடவுச்சீட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் யூதர் என்பதைக் குறிக்கும் 'ஜே' முத்திரை சிவப்பு நிறத்தில் இருக்கும்; 1939 முதல், பெண்ணின் பெயரோடு 'சாரா' என்றும் ஆணின் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும் அரசு கட்டாயமாகச் சேர்த்த பெயரும் இருக்கும். 1941 அக்டோபரில் வெளியேறும் வழியே அடைக்கப்பட்டது. அங்கே சிக்கிக்கொண்ட பெற்றோரிடமிருந்து வந்தவை செஞ்சிலுவைச் சங்கப் படிவங்கள்: 25 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது, பதிலை அதே தாளின் பின்புறத்தில் எழுத வேண்டும். எத்தனையோ குடும்பக் கோப்புகளில் பெற்றோரின் கையெழுத்து அந்தத் தாளோடு நின்றுவிடுகிறது. அதைப் படித்துவிட்டு என்னால் எளிதில் அடுத்த பக்கம் புரட்ட முடிவதில்லை.

போருக்குப் பின்னும் காகிதத்தின் தேவை தீரவில்லை. மேற்கு ஜெர்மனி 1956-இல் இயற்றிய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, செலுத்திய வரி, இழந்த வேலை, தடைப்பட்ட படிப்பு என ஒவ்வொன்றையும் பாதிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டியிருந்தது. கொள்ளைபோனதற்குக் கணக்குக் காட்ட, கொள்ளையடித்தவர்கள் தந்த ரசீதே உதவியது.

உங்கள் தாத்தாவின் கதை வேறு. அந்தக் கொடுமையோடு இதை ஒப்பிடலாகாது. ஆனாலும், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின் கீழ் திரும்பியவர் என்றால் கடவுச்சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, மணியார்டர் துண்டு என எதையும் கழிக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருப்பதால் கடிதத்தை உறையோடு சேர்த்தே வையுங்கள். தாத்தா அடுக்கியிருந்த வரிசையைக் கலைக்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஈரத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி, ராமபாணப் பூச்சி வராமல் அவ்வப்போது திறந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே, படங்களில் உள்ளவர்களின் பெயர்களைக் கேட்டுப் பின்புறம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.