பதினேழு வயதில் மெடிக்கல் சீட்

அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு,

நியூஜெர்சி எடிசனிலிருந்து எழுதுகிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. வரும் மார்ச்சில் 17 முடிகிறது. பள்ளியிலிருந்து நேராக மெடிக்கல் சீட்டையும் சேர்த்துத் தரும் பி.எஸ்-எம்.டி படிப்புகளுக்கு (பி.எஸ். கல்லூரிப் பட்டம், எம்.டி. இங்கே முதல் மருத்துவப் பட்டம்) நாங்கள் தயாராகிக்கொண்டிருக்கிறோம். கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் 1600க்கு 1540 வந்திருக்கிறது. இந்த வருடத்துக்குள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் ஒரு தொண்டு அமைப்பும் நாங்கள் தொடங்கியாக வேண்டும் என்கிறார் கன்சல்டன்ட். அவர் கட்டணம் 9,000 டாலர். நாங்கள் 20 இடத்துக்கு அப்ளை செய்தால் போதுமா, 30 வேண்டுமா? வழக்கமான வழியில் போய், மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதி, கடைசியில் சீட் கிடைக்காமல் போய்விட்டால் என்ற பயத்தில் எங்களுக்கு இரவில் தூக்கமே வருவதில்லை. நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் இத்தனை சுற்று? கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, மகள் எங்கள் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில்தான் இருக்கிறாள். அது பிரச்சினையாக இருக்காதுதானே?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரச்சினைதான். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை.

பி.எஸ்-எம்.டி படிப்புகளில் பல, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களை மட்டும்தான் எடுக்கின்றன. மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் சரி, எச்-4 பிள்ளைக்கு அங்கே கதவு திறக்காது. திறக்கும் இடங்களிலும் இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளைகளுக்கான எச்-4 அந்தஸ்து 21 வயதோடு முடிகிறது. உங்கள் மகளுக்கு அது கல்லூரி மூன்றாம் வருடத்தில் வரும். அதற்குள் கிரீன் கார்டு கைக்கு வராவிட்டால் அவள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது மருத்துவக் கல்லூரியின் கண்ணுக்கு அவள் வெளிநாட்டு மாணவி. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகளே இங்கு குறைவு. சேர்ப்பவற்றிலும் சில, நான்கு வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே ஒரு கணக்கில் கட்டிவைக்கச் சொல்லும். மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது. ஐந்து வயதில் இந்த ஊருக்கு வந்து, இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகள் இந்த இடத்தில் வந்து திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆறவே ஆறாது.

அதனால் கன்சல்டன்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கல்லூரியின் தகுதி விதிகளையும் படித்துவிட்டு, அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு கேள்விகள் போதும். எச்-4இல் இருக்கும் மாணவி விண்ணப்பிக்கலாமா? படிப்பின் நடுவில் எஃப்-1க்கு மாறினால் மெடிக்கல் சீட் நிற்குமா? இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு விஷயத்தில் பிள்ளையின் வயதைக் கணக்கிடுவதற்குச் சட்டத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். 20-ஆ 30-ஆ என்ற கேள்வி இதிலேயே தீர்ந்துவிடும். ஐந்தாறுதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது அந்த ஐந்தாறைப் பற்றி.

இங்கே வழக்கம், நான்கு வருடக் கல்லூரி, அப்புறம் நான்கு வருட மருத்துவம். இரண்டுக்கும் சேர்த்துப் பள்ளி முடிக்கும்போதே இடம் கொடுப்பது 1960களில் பரவ ஆரம்பித்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1961இல் தொடங்கியது. (இப்போது அதை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களில் இன்னும் அந்தப் பெயர் வருகிறது, கவனம்.) கான்சாஸ் சிட்டியில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1971இல் திறந்தபோதே ஆறு வருடப் படிப்பாகத்தான் திறந்தது. நியூயார்க் சிட்டி காலேஜில் 1973இல் வந்த சோஃபி டேவிஸ் பள்ளி, டாக்டர்கள் குறைவாக இருக்கும் பகுதிகளின் பிள்ளைகளை எடுத்து, அந்தப் பகுதிகளுக்கே டாக்டராக அனுப்ப நினைத்தது. இன்று அது சிட்டி யுனிவர்சிட்டியின் மருத்துவக் கல்லூரி. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பி.எல்.எம்.இ. என்று அழைக்கப்படும் இணைப்புப் படிப்பு எட்டு வருடம். எம்கேட் எழுத வேண்டாம். அவசரமில்லாமல் இலக்கியமோ வரலாறோ படித்துவிட்டு மருத்துவத்துக்கு வா என்பதுதான் அங்கே நோக்கம். நூறு பேர் கேட்டால் இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். ஆல்பனி மருத்துவக் கல்லூரி மூன்று கல்லூரிகளோடு கைகோத்திருக்கிறது. ரென்சலர் வழியாகப் போனால் ஆராய்ச்சி, யூனியன் வழியாகப் போனால் தலைமைப் பண்பும் நிர்வாகமும், சியனா வழியாகப் போனால் மனிதவியலும் சேவையும். ஒரே மருத்துவக் கல்லூரி, மூன்று விதமான பிள்ளைகளைத் தேடுகிறது.

ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி முப்பது இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே தெரியும்.

இப்படியான ஒரு படிப்புக்கு நேர்காணல் எடுக்கும் குழுவில் சில வருடங்கள் இருந்தேன். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன், அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு பையன் வந்தான். புற்றுநோய் செல்கள் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை, இரண்டு மாநிலங்களில் கிளை வைத்த தொண்டு அமைப்பு, மதிப்பெண்ணில் ஒரு குறை இல்லை. "நீ பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்" என்றேன். தன் அமைப்பு எத்தனை பேருக்கு உதவியது என்று சொன்னான். "ஒரே ஒருவரைப் பற்றி?" என்று மறுபடி கேட்டேன். கழுத்தில் டையைச் சரிசெய்துகொண்டான். பாவமாக இருந்தது. நல்ல பையன்தான். நோயாளி பக்கத்தில் போய் உட்கார அவனுக்கு யாரும் நேரமே விடவில்லை.

அதே நாள் மதியம் ஒரு பெண். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்துக்குப் போகிறவள். மறதி நோய் முற்றிய ஒரு தாத்தா அங்கே ஊட்டினாலும் சாப்பிட மாட்டாராம். எதிரே யாராவது உட்கார்ந்து சாப்பிட்டால் அவர் கையும் தானாகத் தட்டுக்குப் போகும். இதை இவள்தான் கண்டுபிடித்தாள். அதனால் வாரா வாரம் ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போவாள். இவள் ஒரு கடி, அவர் ஒரு வாய். ஒரு சனிக்கிழமை போனபோது படுக்கை விரிப்பை எடுத்திருந்தார்கள். "பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் நான் போகவில்லை" என்றாள். அதற்கடுத்த வாரம்? "போனேன். ஒரு பாட்டி புதிதாக வந்திருந்தார்."

அவள் ஆய்வுக் கட்டுரை எதுவும் எழுதியிருக்கவில்லை. குழுவில் இருந்த நான்கு பேருக்கும் அவளைப் பற்றி இரண்டு கருத்து இருக்கவில்லை.

பதினேழு வயதில் ஒரு பிள்ளையிடம் எட்டு வருடத்துக்கு வாக்குக் கேட்கிறார்கள். அந்த வாக்கை எதை வைத்துக் கொடுக்கிறாள் என்றுதான் நேர்காணலில் தோண்டுவார்கள். "டாக்டராக முடியாவிட்டால் என்ன செய்வாய்?" "கல்லூரி முடித்துவிட்டு யோசித்தால் என்ன, இப்போதே என்ன அவசரம்?" இதற்கெல்லாம் கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்த பதில் மூன்றாவது கேள்வியில் உதிர்ந்துவிடும்.

நம் ஊரில் இப்படிச் சுற்றில்லையே என்று கேட்கிறீர்கள். நான் அந்த வழியில் வந்தவள்தான். ப்ளஸ் டூ முடித்ததும் விண்ணப்பத்தை அப்பா நிரப்பினார், நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இது பிடிக்குமா என்று எனக்கே தெரிந்தது மூன்றாம் வருடம் வார்டுக்குப் போன பிறகுதான். எனக்குப் பிடித்துப்போனது என் அதிர்ஷ்டம். என்னோடு விடுதி அறையில் இருந்தவளுக்குப் பிடிக்கவில்லை. ஐந்தரை வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். இரவில் போர்வைக்குள் அவள் அழுவது எனக்குக் கேட்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தயாராகிறோம், தொடங்குகிறோம், அப்ளை செய்கிறோம் என்று எங்கும் "நாங்கள்" வருகிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் செய்த தவறு இது. என் மகனுக்காக ஒரு கன்சல்டன்டுக்குப் பணம் கட்டினேன். அவர் ஒரு கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருந்தார். மகன் அதைப் படித்துவிட்டு மடிக்கணினியை மூடி, "இது நல்லா இருக்கும்மா. ஆனா இது யாரும்மா?" என்றான். அவன் கணக்குப் படிக்கப் போனான். நான் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே ஆய்வுக் கட்டுரையையும் தொண்டு அமைப்பையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவளுக்கே ஆசை இருந்தால் செய்யட்டும். அதற்குப் பதில் ஒரே ஓர் இடம், வாரா வாரம். பல மருத்துவமனைகள் 16 வயதிலிருந்து தன்னார்வலர்களை எடுக்கின்றன. எடிசன் பக்கத்தில் நம் நாட்டுப் பெரியவர்கள் பகலைக் கழிக்கும் அடல்ட் டே கேர் நிலையங்கள் இருக்கின்றனவே, அங்கே தமிழ் பேசத் தெரிந்த ஒரு பெண் போய் உட்கார்ந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! மாத்திரை டப்பாவைக் காட்டி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லும் இடத்தில் அவள் இல்லை, ஆனால் கேட்டுக்கொள்ளலாம். அன்றிரவே ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைக்கட்டும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் அடுத்த நவம்பரில் போகும், நேர்காணல் குளிர்காலத்தில் வரும். அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருக்கிறது.

இடம் கிடைத்தால் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, எம்கேட் உண்டா, நடுவில் வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடுமா? இந்தக் கடைசி விஷயம் முக்கியம். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018இல் கல்விக் கட்டணத்தையே ரத்து செய்தது. ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ரூத் காட்டெஸ்மன் கொடுத்த 100 கோடி டாலரால் 2024இல் அதுவே நடந்தது. கட்டுப்பட்ட பிள்ளை அங்கெல்லாம் முயற்சி செய்யக்கூட முடியாது. கிரீன் கார்டு வந்தாலும் கடன் விஷயத்தில் நிலைமை மாறிவிட்டது. 2026 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் மருத்துவ மாணவர்களுக்கு மத்தியக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். பல தனியார் கல்லூரிகளில் நான்கு வருடச் செலவு 3,00,000 டாலரைத் தாண்டுகிறது.

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த வழக்கமான வழியைப் பற்றி ஒன்று. 2023இல் எம்.டி. படிப்புக்குச் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்தார்கள், கிட்டத்தட்ட 23,000 பேர் சேர்ந்தார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல். சேரும்போது அவர்களின் சராசரி வயது 24. பலர் கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆம்புலன்சிலோ ஆய்வகத்திலோ வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ரெசிடென்ட்களில் அப்படி வந்தவர்களிடம்தான் இரவுப் பணியை நிம்மதியாக ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

மின்னஞ்சலுக்குக் கல்லூரிகள் என்ன பதில் சொல்கின்றன என்று எழுதுங்கள். அடுத்த கடிதத்தை உங்கள் மகளே எழுதினால் நன்றாக இருக்கும். தமிழில் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும். அவள் போய் உட்கார்ந்த இடத்தில் பார்த்த ஒரே ஒருவரைப் பற்றி.

அன்புடன்,
அக்கா