சும்மா கொடுக்கிற பஸ்ஸுக்கு என்ன விலை?

கொக்குவிலில் இருந்து ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார். மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி மூன்று எஸ் (சாதாரண சித்தி). ரொறன்ரோவில் இருக்கிற மாமா, கொழும்பில் தனியார் பொறியியல் பட்டத்துக்குச் சேர்க்கச் சொல்கிறார். மாமா கொஞ்சம் தருவார்; மிச்சம் 40 லட்சத்துக்கு வீட்டுக் காணியை ஈடு வைக்கவேண்டும். பிள்ளையோ 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கேமுக்கு இரவிரவாக இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ் செய்து, கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறான். "உழைச்சுச் சும்மா குடுக்கிற பிள்ளை எப்பிடி ஐயா பிழைக்கும்?"

நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு 40 லட்சம் கடன் பதில் இல்லை. வட்டி 14 வீதம் என்று வைத்தாலே மாதம் 46,600 ரூபாவுக்கு மேல் போகும், கடன் முதலில் (அசலில்) ஒரு சதமும் குறையாமல். உங்கள் கடிதத்தில் மாமா சொன்னது இருக்கிறது, அயலட்டை சொன்னது இருக்கிறது; தம்பிக்குப் பொறியியல் விருப்பமா என்று ஒரு வரி இல்லை. கணிதத்தில் எஸ் எடுத்து, அதில் மனமும் இல்லாத பிள்ளையை முதலாம் வருடமே வகையீட்டுச் சமன்பாட்டுக்குள் தள்ளினால், பரீட்சையைத் திரும்ப எழுதவும் நீங்கள்தான் காசு கட்டவேண்டி வரும். காணியைத் தொடாதீர்கள்.

இனிச் 'சும்மா' என்ற விஷயத்துக்கு வருவோம். தம்பி செய்வதுபோல, வேறொருவர் செய்த கேமுக்கு விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் பொருளுக்கு மொட் என்று பெயர். மொட் செய்பவருக்குக் கூலி கொடுக்கவேண்டுமா என்ற வாதம் உலகம் முழுக்க நடந்தது. 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையை நடத்தும் வால்வும், ஸ்கைரிம் கேமை வெளியிட்ட பெதெஸ்டாவும் ஸ்கைரிம் மொட்களை அந்தக் கடையில் விற்க விட்டன. விலையில் செய்தவருக்கு 25 வீதம், வால்வுக்கு 30, பெதெஸ்டாவுக்கு 45. நாலே நாளில், 27ஆம் திகதி, திட்டத்தையே மூடிக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். இலவசமாகக் கிடைத்ததற்கு விலையா என்று விளையாடுபவர்கள் கொதித்தது ஒரு பக்கம். மற்றப் பக்கம்தான் உங்களுக்குத் தேவையானது: விற்பனைக்கு வந்த மீன்பிடி மொட் ஒன்று, வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவூட்டக் கருவியில் தங்கியிருந்தது. அவர் ஆட்சேபித்தார், மொட் விற்பனையில் இருந்து எடுக்கப்பட்டது.

என் நிலைப்பாடு இது: உழைப்புக்குக் கூலி வேண்டும், சந்தேகமே இல்லை. 1999இல் வால்வின் ஹாஃப்-லைஃப் கேமுக்குச் செய்த மொட்தான் கவுண்டர்-ஸ்ட்ரைக். அடுத்த வருடமே வால்வ் அதன் உரிமையை வாங்கி, அதைச் செய்தவர்களையும் வேலைக்கு எடுத்தது. ஆனால் மொட் என்பது மற்றவனுடைய காணியில் கட்டின வீடு. மைன்கிராஃப்ட் கேமின் உரிம ஒப்பந்தம், மொட் செய்து பகிரலாம், விற்கக்கூடாது என்கிறது. ஆகவே தம்பி மொட்டை விற்கவேண்டாம். அதற்குள் இருக்கிற பஸ் மாதிரியை விற்கட்டும்.

கேம் செய்பவர்களுக்கும் ஓட்டுநர் பயிற்சி சிமுலேட்டர் செய்பவர்களுக்கும் ஆயத்தமான வாகன மாதிரிகள் தேவை. கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியின் அசெட் ஸ்டோர் என்ற இணையக் கடை, விலையில் 70 வீதம் செய்தவருக்குக் கொடுக்கிறது, எபிக் கொம்பனியின் ஃபாப் கடை 88 வீதம். அந்த 25உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மாமாமாருக்கு இந்த வழி தெரியாது, ரியூசன் வாத்திமாருக்கும் தெரியாது.

ஆனால் மொட்டுக்குப் போதுமான பஸ் விற்பனைக்குப் போதாது. மாதிரியின் மேற்பரப்பு சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது; தொலைபேசிக் கேமுக்கு ஒரு பஸ் 30,000 முக்கோணத்துக்குள் நிற்கவேண்டும். பெடியள் இருக்கைத் தையல் வரை வரைந்து 3 லட்சத்தில் கொண்டுவருவார்கள், போன் நின்றுவிடும். தூரத்தில் காட்ட 12,000இலும் 3,000இலும் இன்னும் இரண்டு பிரதி வேண்டும். பஸ்ஸின் மேல் ஒட்டுகிற, பக்கத்துக்கு 4096 புள்ளி கொண்ட நிறப்படம் ஒன்று சுருக்காமல் 64 எம்பி நினைவகம் தின்னும். 2048 என்றால் 16. யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீற்றர், எனவே பஸ் 11 அலகு நீளமாக வரவேண்டும். மாதிரி வரைகிற மென்பொருளான பிளெண்டரில் அளவை 'அப்ளை' செய்யாமல் (நிலைப்படுத்தாமல்) அனுப்பினால் அங்கே நூறு மடங்காகவோ பொம்மையாகவோ நிற்கும். சில்லு, கதவு, ஸ்டியரிங், வைப்பர் எல்லாம் தனித்தனிப் பொருள்; சில்லின் மையப்புள்ளி அச்சில் இல்லாவிட்டால் சில்லு முட்டை போல உருளும். ஒரு பக்கம் வரைந்து மறுபக்கத்தைக் கண்ணாடி போலத் திருப்பும்போது முகங்கள் (மேற்பரப்புத் துண்டுகள்) உள்பக்கம் பார்த்துவிட்டால், பிளெண்டரில் நன்றாகத் தெரியும், கேமில் பாதி பஸ் காணாமல் போகும். விற்பனைப் பிரதியில் இ.போ.ச. சின்னமும் கொம்பனி இலச்சினையும் இருக்கக்கூடாது. வேறு கேமில் இருந்து உருவிய ஒரு கண்ணாடி, ஒரு ஹோர்ன் சத்தம் இருந்தாலும் முழுதையும் கடையில் இருந்து எடுத்துவிடுவார்கள், கணக்கும் போகலாம்.

வரவு எவ்வளவு? முதல் பஸ்ஸுக்கு 90 மணித்தியாலம் போய், 15 டொலருக்கு 20 பேர் வாங்கினால், 70 வீதப்படி 210 டொலர். மணிக்கு இரண்டே கால் டொலருக்குச் சற்று மேல்தான். இரண்டாவது பஸ்ஸில் அதே சில்லு, அதே இருக்கை, அதே சட்டகம். 35 மணித்தியாலத்தில் முடியும். அங்கேதான் கணக்கு மாறுகிறது. மாதம் இத்தனை ஆயிரம் டொலர் என்று ஆசைகாட்டி வகுப்பு நடத்துபவர்களிடம் மட்டும் போகவேண்டாம், பிளெண்டர் இலவசம்.

காசு வருகிற வழியை விற்க முதலே பாருங்கள். பேபாலில் பணம் வாங்கும் வசதி இலங்கைக்கு நெடுங்காலமாக இல்லாதபடியால், இங்குள்ளவர்கள் பயோனியர் என்ற இணையப் பணச் சேவையையோ வங்கிக் கணக்கையோ நம்பியிருக்கிறார்கள். தம்பிக்கு 18 முடிந்திருந்தால் அவன் பெயரிலேயே கணக்கைத் திறவுங்கள், மாமா பெயரில் வேண்டாம். இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கமும் எடுக்கவேண்டும். அமெரிக்கக் கொம்பனிகள் கேட்கும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தில் அந்த இலக்கம் இல்லாவிட்டால், அங்கே விற்ற உரிமத்தொகையில் 30 வீதம் பிடிப்பார்கள். இலங்கையுடன் இரட்டைவரி உடன்படிக்கை இருப்பதால் அதைக் காட்டினால் 10.

இதற்கு 12 மாதம் கொடுங்கள். செலவு 16 ஜிபி ராம், மூன்று பட்டன் மவுஸ், கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ். அதற்கு மேல் ஒன்றும் வாங்கவேண்டாம். கூடவே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடிக்கு (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) பதியட்டும். முதலாம் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் உயர் டிப்ளோமா என்று இடையில் நின்றாலும் கையில் ஒரு தாள் இருக்கும். தம்பி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் அப்போது 12 மாதத்தில் நாலு பஸ் விற்பனையில் இருக்கவேண்டும் என்று அவனோடு பேசி எழுதி வையுங்கள்.

என்னிடம் வரமுதல் ஒரு வேலை. தம்பியின் பக்கத்தில் இருந்து பிளெண்டரைத் திறக்கச் சொல்லி, இந்த பஸ்ஸில் எது நீ வரைந்தது, எது எங்கே எடுத்தது என்று ஒவ்வொரு பகுதியாகக் கேளுங்கள். அதை எழுதிக்கொண்டு வாருங்கள். மாமாவுக்கு என்ன சொல்வதென்று அதைப் பார்த்துவிட்டுக் கதைப்போம்.