தெற்கு ஜன்னல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற ஜனவரியில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு ஜோகன்னஸ்பர்க்கிற்கு வந்தேன். வந்து இறங்கியபோது இதமான வெயில், மாலையானால் மழை. கொடைக்கானலில் வேலை கிடைத்த மாதிரி இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மே கடைசியில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மனைவிக்குக் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. கதவின் கைப்பிடி ஷாக் அடிக்கிறது என்று மகள் அதைத் தொட மறுக்கிறாள். துவரம்பருப்பு வேகவில்லை. இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வெளியே போனால் நல்ல வெயில். வீட்டுக்குள் வந்தால்தான் குளிர்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஆப்பிரிக்காவில் ஏது குளிர்?" என்று சிரித்தார். குல்லாயோடு படம் எடுத்து அனுப்பிய பிறகு நம்பிவிட்டார். டிசம்பரில் எங்களிடம் வருகிறார். மார்கழி ஆயிற்றே, இன்னும் மோசமாக இருக்குமே என்று இப்போதே கம்பளிச் சால்வை வாங்கி வைத்துவிட்டார்.

உடம்பு பழக எத்தனை நாளாகும்? டர்பன் கிளைக்கு மாற்றல் கேட்டால் கொடுப்பார்கள், கேட்கலாமா? உங்கள் முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தீர்கள்?

அன்புடன்,
கே., ஜோகன்னஸ்பர்க்

*

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் அசட்டுத்தனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு பிப்ரவரியில், இந்த ஊரில் வீடு தேடினேன். ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிராக இரண்டு வீடுகள் காலியாக இருந்தன. வாடகையும் ஒன்றுதான். ஒன்றின் ஜன்னல்கள் வடக்கே திறந்தன, மற்றதன் ஜன்னல்கள் தெற்கே. நான் கும்பகோணத்துக்காரன். வீடு கட்டினேன் என்று சொன்னால் "தெற்கே ஜன்னல் வைத்தாயா?" என்று கேட்கிற ஊர் அது. தென்றல் வரும் அறை கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று தெற்கு வீட்டைக் கேட்டேன். தரகர் "நிச்சயமாகவா?" என்று இரண்டு முறை கேட்டார். மரியாதைக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் தெரிந்தது. மூன்று மாதம் அந்த அறைக்குள் ஒரு கீற்று வெயில்கூட வரவில்லை. சுவரில் கை வைத்தால் மண்பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். அலமாரியில் இருந்த தேங்காயெண்ணெய் கல்லாகிக் கிடந்தது. ஸ்பூன் காம்பால் குத்தி எடுத்துத் தலையில் தேய்த்துக்கொண்டேன். அப்படி ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே ஒரு மூதாட்டி மெல்லிய பருத்தி உடையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் கம்பளிக் கோட்டோடு வாசலில் நின்றேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறடி அகல நடைபாதை ஒன்றுதான்.

நாம் பூமியின் வேறு பாதியில் இருக்கிறோம் என்பது பூகோளப் பாடமாக எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் வாங்கும்போது யாருக்கும் நினைவு வருவதில்லை. ஜோகன்னஸ்பர்க் மகர ரேகைக்கும் தெற்கே, ஏறக்குறைய 26 பாகையில் இருக்கிறது. ஆகவே வருடத்தின் எல்லா நாளும் நண்பகல் சூரியன் இங்கே வடக்கில்தான் நிற்கும். குளிர்காலத்தில் அது இன்னும் சாய்ந்து, வடக்கு ஜன்னல் வழியாக அறையின் பாதி வரை வந்து படுத்துக்கொள்ளும். தெற்கு ஜன்னலில் அது எட்டிக்கூடப் பார்க்காது. காற்றும் இப்படித்தான். ஊரில் வாடை என்றால் வடக்கிலிருந்து வந்து எலும்பைத் துளைப்பது, தென்றல் என்றால் தெற்கிலிருந்து வந்து கொஞ்சுவது. இங்கே தெற்குக் காற்று உறைந்த கடல்களின் திசையிலிருந்து புறப்பட்டு, கேப் டவுனுக்கு மழையையும் லெசோத்தோ மலைகளுக்குப் பனியையும் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் குளிரை நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. நான் தென்றல் என்று பெயர் சொல்லி வாடைக்கு ஜன்னல் திறந்து வைத்தவன்.

அந்த மூதாட்டியை எல்லோரும் ஆயா என்று கூப்பிட்டார்கள். இந்த நாட்டுத் தமிழர்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய பாட்டனார் ஒப்பந்தக் கூலியாக நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அவருக்கு வாயில் மிஞ்சியிருந்த தமிழ் ஐம்பது அறுபது சொற்கள் இருக்கலாம், அதிலும் பாதி சமையலறைச் சொற்கள். அன்றைக்கு எனக்கு ஒரு டம்ளர் ரசத்தைக் கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு பாடம் நடத்தினார். காலை எட்டு மணிக்கு வடக்குத் திரைகளை முழுக்க விலக்கு. மாலை நாலரைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, எல்லாவற்றையும் இழுத்து மூடு. கதவுக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி வை. சூரியனை உள்ளே விட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றார். ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் வீட்டுக்குள் குளிர்வதற்கும் காரணம் இதுதான். இந்த ஊர் வீடுகள் கோடையை மனத்தில் வைத்துக் கட்டியவை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை, கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி. பழைய வீடுகளில் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே எதுவும் இருக்காது. ஐரோப்பாவில் இருப்பது போல வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடும் கிடையாது. வெளியே சூரியன் காய்ச்சுகிறது, உள்ளே செங்கல் முந்தைய இரவின் குளிரைப் பத்திரமாக வைத்திருக்கிறது. 'தையும் மாசியும் வையகத்து உறங்கு' என்று ஔவை கொன்றை வேந்தனில் சொன்னது நினைவிருக்கும். வை என்றால் வைக்கோல்; பனிக்காலத்தில் வைக்கோல் வேய்ந்த வீட்டில் தூங்கு என்கிறாள். அவள் கம்பளியைப் பற்றிப் பேசாமல் கூரையைப் பற்றிப் பேசியதை நான் இங்கே வந்துதான் கவனித்தேன். இந்த ஊருக்கு 'ஆனியும் ஆடியும்' என்று திருத்திக்கொள்ள வேண்டும். சீலிங்குக்கு மேலே வெப்பத்தைத் தடுக்கும் விரிப்புப் போட வீட்டுக்காரர் சம்மதித்தால் பாதிச் செலவை நீங்கள் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

உடம்புக்கு வருகிறேன். குளிருக்கு அது சில வாரங்களில் பழகிவிடும், கவலைப்படாதீர்கள். நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டியது வறட்சிக்குத்தான். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். ஏற்காட்டைவிட உயரம், குன்னூரைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆனால் குன்னூரின் ஈரம் இங்கே இல்லை. மே முதல் செப்டம்பர் வரை மழை அநேகமாகக் கிடையாது, மேகமும் இல்லை. இரவில் மேகம் ஒரு போர்வை. அது இல்லாததால் பகலில் வாங்கிய சூடெல்லாம் அந்தி சாய்ந்ததும் வானத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. ஜூலையில் பகல் சுமார் 17 டிகிரி, இரவு 4 டிகிரி. பனி பெய்வது அபூர்வம். 2012 ஆகஸ்டில் பெய்தது, பிறகு 2023 ஜூலை 10 அன்று பெய்தது. அன்று அலுவலகமே ஜன்னலுக்கு ஓடியது. நம் தமிழில் புல்லில் படிவதும் பனி, ஐரோப்பாவில் முழங்கால் வரை கொட்டுவதும் பனி என்பதால், உங்கள் அம்மாவிடம் சொல்லும்போது எந்தப் பனி என்று விளக்கிவிடுங்கள்.

மூக்கில் ரத்தம் வருவது பெரும்பாலும் வறண்ட காற்றின் வேலை. இரவில் மூக்கினுள் துளி வாசலைன் தடவச் சொல்லுங்கள். படுக்கையறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். ரத்தம் வரும்போது நம் ஊர் வழக்கப்படி அண்ணாந்து படுக்கக் கூடாது. முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெல்லிய பாகத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றாலோ, அடிக்கடி வந்தாலோ மருத்துவரிடம் போவதுதான் சரி. மகளின் ஷாக்குக்குச் சுலபமான வழி இருக்கிறது: கையில் ஒரு சாவியைக் கொடுத்து, கைப்பிடியை முதலில் சாவியால் தொடச் சொல்லுங்கள். பொறி சாவியில் பறக்கும், விரலில் வலிக்காது. என் மகன் அதைப் பார்ப்பதற்காகவே விளக்கை அணைத்துவிட்டுக் கதவு கதவாக அலைந்தான்.

பருப்பு விஷயம் உயரத்தால் வருவது. இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கருக்குள்ளும் மதுரையில் ஏறுகிற அளவு ஏறுவதில்லை. பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, வழக்கத்துக்கு மேல் இரண்டு விசில் விடுங்கள். மாவுக்கு நான் கண்ட தீர்வு வொண்டர்பேக். இந்த நாட்டிலேயே உருவானது. மெத்தை போலத் திணித்த ஒரு துணிப் பை. கொதிக்கும் பாத்திரத்தை அதற்குள் வைத்தால் அடுப்பில்லாமலே மிச்சமும் வெந்துவிடும். அதில் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் ஒரு வெந்நீர்ப் புட்டியைச் செருகிக் கட்டிவிடுவேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

கேஸ் ஹீட்டர் வாங்கினால் ஜன்னலை விரற்கடை அளவாவது திறந்து வையுங்கள். கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே அப்படிச் சாவுகள் நடக்கின்றன. இன்னொன்று, ஃப்ளூ இங்கே நடுவருடத்து நோய். தடுப்பூசியை மார்ச், ஏப்ரலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த வருடத்துக்குக் குறித்து வையுங்கள்.

இவையெல்லாம் ஒரே பருவத்தில் கைவந்துவிடும். கைவராதது மாதங்களின் பெயர்கள். எனக்கு இன்னும் கைவரவில்லை. காந்தியை மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்ட கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நாள் 1893 ஜூன் 7. ஜூன் என்று படித்ததும் நான் சிறுவயதில் கற்பனை செய்தது புழுக்கமான பிளாட்பாரத்தைத்தான். இங்கே வந்த பிறகுதான் அது நடுக்குளிர்காலம் என்பது உறைத்தது. அவரே எழுதியிருக்கிறார்: மேல்கோட்டு பெட்டிக்குள் இருந்தது, பெட்டி ரயில்வேக்காரர்களிடம் இருந்தது, கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமல் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவமானத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், குளிரைச் சொல்லவில்லை. குளிரில்லாமல் அந்த இரவு எனக்கு இப்போது விளங்குவதில்லை.

கோயில்களில் இந்தத் தலைகீழ் இன்னும் அழகாக இருக்கும். ஆடியில் ஊரில் வெக்கை தணிய அம்மனுக்கு ஊற்றும் கூழை, இங்கே விறைத்த விரல்களைச் சூடாக்கிக்கொள்ள இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்போம். தைப்பூசம் நல்ல கோடையில் வரும், தார்ச்சாலை கொதிக்கும், காவடிக்காரர் காலில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கூட வருவார்கள். ஆடிக் காற்று மட்டும் மாறவில்லை. ஆகஸ்டில் நன்றாகவே அடிக்கும். அம்மி பறக்காது, பழைய தங்கச் சுரங்கத்து மணல் மேடுகளிலிருந்து மஞ்சள் தூசி பறந்து வந்து உங்கள் துணிக்கொடியில் உட்காரும்.

டர்பனுக்கு வருவோம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து 342 பேர் வந்து இறங்கிய ஊர் அது. அவர்களுக்கு ஆயிரம் கஷ்டங்கள் காத்திருந்தன, ஆனால் அந்தக் கடலோர வெக்கை புதிதாக இருந்திருக்காது. குளிர்காலப் பகலில் அங்கே அரைக்கைச் சட்டையோடு நடக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் குளித்துவிட்டுத் துடைப்பதற்குள் மறுபடி வியர்க்கும், புத்தக அட்டையில் பூஞ்சணம் பூக்கும். இதைச் சொல்வதால் நான் டர்பனுக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். என் சம்பந்தி வீடே அங்கேதான். ஆனால் ஜூலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அக்டோபரில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து, ஐந்து மாதம் காய்ந்து கிடந்த புல்லில் முதல் மழை விழும். அந்த மண்வாசனைக்குப் பிறகும் மாற்றல் வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள்.

அம்மாவிடம் சால்வை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். டிசம்பரில் வெயில் கொளுத்தும் என்பது உண்மைதான். ஆனால் இடியோடு ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அரைமணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடுவதும் உண்டு. முற்றமெல்லாம் நெல்லிக்காய் அளவில் ஐஸ் கிடக்கும். அவருக்கு ஒரு நாற்காலியை வடக்கு ஜன்னலோரம் போடுங்கள். சால்வையை அன்றைக்குப் போர்த்திக்கொண்டு, மார்கழி ஆயிற்றே, நான் அப்போதே சொன்னேனே என்பார். மறுக்காதீர்கள்.