கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறவன்

கேள்வி: ஆணவம் பிடித்த, சூழ்ச்சிக்காரக் கதாநாயகன் வரும் ‘டார்க் ரொமான்ஸ்’ நாவல்களை நான் விரும்பிப் படிக்கிறேன். உங்கள் இதழ் அவற்றை மதிப்புரைக்குக்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். ஹீத்க்ளிஃபும் இதே ரகம்தானே? எங்கள் கதாநாயகனாவது கடைசியில் திருந்திவிடுகிறான்.
— வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: ஆணவக்காரனைப் பற்றிப் படிப்பதில் ஒரு தவறும் இல்லை, சகோதரி. யாருக்கு எது பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும். எனக்கு உறுத்துவது உங்கள் கேள்வியின் கடைசிச் சொல். ‘திருந்திவிடுகிறான்.’

எப்படித் திருந்துகிறான்? முப்பது அத்தியாயம் அவளைப் பூட்டிவைக்கிறான், மிரட்டுகிறான், அவள் அப்பா எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தைக் காட்டித் தாலி கட்டுகிறான், அவள் கைபேசியைப் பிடுங்கிவைத்துக்கொள்கிறான். முப்பத்தோராவது அத்தியாயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. இரவு முழுக்க விழித்திருந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறான். அவ்வளவுதான், கணக்குத் தீர்ந்தது! அந்தக் கடன் பத்திரத்தைக் கிழித்தானா? மாமனார் முன்னால் போய் நின்றானா? அவள் பாதியில் விட்ட படிப்பைத் தொடர வழி செய்தானா? எதுவும் இல்லை. ‘உன்மேல் வைத்த காதல்தான் என்னை அப்படிச் செய்ய வைத்தது’ என்கிறான். அவள் அழுதுகொண்டே மார்பில் சாய்கிறாள். திருந்தும் வேலையைக்கூட அவன் செய்வதில்லை. மன்னிக்கும் வேலையை அவள் செய்கிறாள், அதைத் திருந்துதல் என்று கணக்கெழுதுகிறார் ஆசிரியர். என் கோபம் அந்த ஆசிரியர்மேல்தான், கதாநாயகன்மேல் இல்லை.

ஹீத்க்ளிஃப் திருந்துவதே இல்லை. அதுதான் அந்த நாவலை எழுதிய எமிலி ப்ராண்டேயின் நேர்மை. 1847இல் ‘எல்லிஸ் பெல்’ என்ற புனைபெயரில் அந்த நாவல் வந்தது. மறு ஆண்டே, முப்பது வயதில், அவர் இறந்துபோனார். அந்த ஒரே நாவலில், உங்கள் கேள்விக்கு நேரான பதில் 14ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, ஹீத்க்ளிஃபின் வாயாலேயே. ஹீத்க்ளிஃபின் காதலி கேத்தரின் இன்னொருவனை மணந்துவிட்டாள்; அந்தக் கணவன் எட்கர் லின்டனின் தங்கை இசபெல்லா, இவன்மேல் மையல்கொண்டு இரவோடு இரவாக வீட்டைவிட்டு ஓடிவருகிறாள். கிளம்பும்போதே அவளுடைய சின்ன நாயைக் கைக்குட்டையில் கட்டி, கடிவாளம் மாட்டும் கொக்கியில் தொங்கவிடுகிறான். அவள் கெஞ்சுகிறாள். அவன் சொல்கிற முதல் வார்த்தை, உன் ஆட்களில் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரையும் இப்படியே தொங்கவிட ஆசை என்பது. அந்த ஒருத்தி தானாக இருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாளோ என்னவோ என்று பிறகு அவனே வீட்டுப் பணிப்பெண் நெல்லியிடம் சொல்லிக் கேலி செய்கிறான். என்னைக் காதல் கதையின் நாயகனாக மனத்தில் வரைந்துகொண்டு வந்தாள், என்னிடம் வீரனின் அன்பை எதிர்பார்த்தாள் என்கிறான்.

‘அந்த ஒருத்தி நான்தான்’ என்ற இந்த நினைப்பைத்தான் இன்றைய டார்க் ரொமான்ஸ் முழுக்க முழுக்க விற்கிறது. உலகத்துக்கே கொடியவன், எனக்கு மட்டும் குழந்தை! எமிலி அந்த நினைப்பைப் பிடித்து, அதன் விலை என்ன என்று எழுதிக் காட்டினார். இசபெல்லா என்ன ஆகிறாள் என்று பாருங்கள். அவன் எறிந்த கத்தி காதுக்குக் கீழே கிழித்த காயத்தோடு, மெல்லிய செருப்போடு, பனியில் ஓடி அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தரையில் போட்டு அடிக்கிறாள். பிறகு எடுத்து நெருப்பில் போடுகிறாள். அன்றே ஊரைவிட்டுப் போகிறாள், திரும்பி வரவே இல்லை. தெற்கே போய்த் தனியாகப் பிள்ளை பெற்று, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அவன் நிழல் படாமல் வாழ்கிறாள். மோதிரத்தை நெருப்பில் போடும் ஒரு மனைவியை 1847இல் எழுதியிருக்கிறார், பாதிரியாரின் மகள். நம் கதாநாயகிகள் இன்னும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் சொல்கிறான். சட்டத்தின் எல்லையைத் தாண்டாமல்தான் எல்லாம் செய்கிறேன், பிரிந்து போக வழக்குப் போடுவதற்கு அவளுக்கு ஒரு சின்னக் காரணத்தைக்கூட நான் கொடுக்கவில்லை என்கிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். இது வெறும் கற்பனை இல்லை. மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின்மேல் முறையான உரிமை இங்கிலாந்தில் 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான் வந்தது. மனைவியானாலும் பலவந்தம் பலவந்தம்தான் என்று அந்த நாட்டின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது 1991இல். நாம்? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், பலவந்தம் பற்றிய 63ஆம் பிரிவிலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியின் விஷயத்தில் கணவனுக்கு விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. கட்டாயத் தாலி, அதற்கு மறு அத்தியாயத்தில் முதலிரவு என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு தரம் எடுத்துப் படிக்க வேண்டும். அவர்களுடைய கதாநாயகனும் சட்டத்தின் எல்லைக்குள்தான் நிற்கிறான்.

இனி என் பழைய வழக்குக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் நான் பல தடவை சொன்னதுதான், திருந்தாதவர்கள் இருக்கும்வரை திரும்பச் சொல்வேன். ஹீத்க்ளிஃபைக் காதல் தெய்வமாக்கியது எமிலி இல்லை, அவர் நாவலைப் பாதியில் வெட்டியவர்கள். மொத்தம் 34 அத்தியாயங்கள். கேத்தரின் 16ஆம் அத்தியாயத்தில் இறந்துவிடுகிறாள். 1939இல் வில்லியம் வைலர் எடுத்த ஹாலிவுட் படம் அடுத்த தலைமுறைக் கதையை அப்படியே விட்டுவிட்டது. சுருக்கப் பதிப்புக்காரர்களின் கத்திரியும் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது, அட்டையில் ‘அமர காதல்’ என்ற பட்டத்தோடு. வெட்டிப்போட்ட பாதியில் என்ன இருக்கிறது தெரியுமா? செத்துப்போன காதலியின் மகளை, ஒரு சின்னப் பெண்ணை, வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான். சாவியைப் பிடுங்கப் போனவளைப் பிடித்துக்கொண்டு தலையின் இரண்டு பக்கமும் மாறி மாறி அறைகிறான். அவள் அப்பா சாகக் கிடக்கிறார். என் மகனைக் கட்டிக்கொண்டால்தான் கதவு திறக்கும் என்கிறான். அந்த மகனோ நோயாளி. அவன் இறக்கும் தருவாயில் வைத்தியரைக் கூப்பிடச் சொன்னால், அவன் உயிர் செல்லாக்காசு பெறாது, அதற்கு நான் செல்லாக்காசும் செலவழிக்க மாட்டேன் என்கிறான். எட்கர் தன் உயிலை மாற்றி மகளின் பங்கைக் காப்பாற்றப் பார்க்கிறார்; வக்கீலையே விலைக்கு வாங்கி, வரவிடாமல் செய்துவிடுகிறான். இந்தச் சொத்துச் சிக்கலின் ஒவ்வொரு முடிச்சும் அந்தக் காலச் சட்டத்துக்குப் பொருந்துகிறது என்று சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் ஒரு கட்டுரையே எழுதினார். இத்தனையையும் கத்தரித்துவிட்டு, மேட்டு நிலத்தில் காற்றில் தலைமுடி பறக்க நிற்கும் ஒருவனை மட்டும் விட்டுவைத்தால், யார்தான் காதலிக்க மாட்டார்கள்?

வாசகர்கள் இப்படி மயங்குவதும் புதிதில்லை. அச்சுக்கூடம் நடத்திய ஆங்கில நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1747–48இல் ‘கிளாரிஸா’ நாவலைப் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, லவ்லேஸ் என்ற கயவனைத் திருத்திக் கதாநாயகி கிளாரிஸாவுக்கே கட்டிவைத்துவிடுங்கள் என்று வாசகிகள் கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை. பின்வந்த பதிப்பில் லவ்லேஸை இன்னும் கறுப்பாக்கினார். வாசகர் கேட்டதைக் கொடுக்காமல் நின்ற அந்த அச்சுக்கூடக்காரரை நான் வணங்குகிறேன்.

திருந்துகிற ஆணைப் பார்க்க வேண்டுமென்றால் அதுவும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ஸிலேயே இருக்கிறது, ஹீத்க்ளிஃபிடம் இல்லை, ஹேர்ட்டனிடம். ஹீத்க்ளிஃப் வேண்டுமென்றே எழுத்தறிவில்லாமல் வளர்த்த பையன். அவன் தட்டுத் தடுமாறிப் படிப்பதை, செத்துப்போன கேத்தரினின் மகளான இளைய கேத்தரின் ஏளனம் செய்ய, ஆத்திரத்தில் அவளை அறைந்துவிட்டுப் புத்தகங்களை அடுப்பில் போடுகிறான். பிறகு தவறை முதலில் உணர்கிறவள் அவள். ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, மேலே ‘மிஸ்டர் ஹேர்ட்டன் எர்ன்ஷா’ என்று எழுதி நெல்லியிடம் கொடுத்தனுப்புகிறாள். அவன் வாங்கிக்கொண்டால் சரியாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லச் சொல்கிறாள். அதன் பிறகு இருவரும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் பூட்டவில்லை. நான் படித்த காதல் காட்சிகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

மதிப்புரை பற்றிக் கேட்டீர்கள். அனுப்பச் சொல்லுங்கள், படிக்கிறேன். கொடியவனாக ஒருவனை எழுதி, கடைசி வரி வரை அவனுக்காகப் பொய் சொல்லாத நாவலாக இருந்தால் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். அதற்குள் நீங்கள் ‘வுதரிங் ஹைட்ஸ்’ வாங்குவதாக இருந்தால், 34 அத்தியாயமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.