அந்த ரெண்டு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டால்

களியக்காவிளையிலிருந்து ஓர் அக்கா தன் மகனை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தம்பி 2023-இல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் மட்டும் நாலு இன்டர்வியூ போய், நாலிலும் ஒரே கேள்வியில் விழுந்திருக்கிறான். "படிப்பு முடிந்து ரெண்டு வருஷம் என்ன செய்தீர்கள்?" டேட்டா சயின்ஸ் படித்தேன் என்று மாமா சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பான், என்ன புராஜெக்ட் என்று கேட்டதும் வாயடைத்து நிற்பான்.

"இவனுக்கு ராசியே இல்லியா சார்?" என்று அக்கா கண்கலங்கினார். நானும் முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் தம்பியிடம் தனியாக, உண்மையில் என்னடா செய்தாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன். முந்நூறு ரப்பர் மரம். விடியும் முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டு, அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடிப்பது. நடுவில் ரோலர் இறுகிப்போனபோது பிரித்துப்போட்டு பேரிங்கைத் தானே மாற்றியிருக்கிறான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் நிமிர்ந்தது.

பிறகு அக்காவிடம் சொன்னது இதுதான்: அக்கா, இதை மறைக்கச் சொன்னது தப்பு. இடைவெளியைப் பற்றிக் கேட்பவர், நீ சும்மா கிடந்தாயா, இல்லை ஏதாவது பொறுப்பைச் சுமந்தாயா என்றுதான் பார்க்கிறார். நடந்ததை அப்படியே நாலு வரியில் சொன்னால் போதும். அரியர் ஏன் விழுந்தது என்று கேட்டாலும் அப்படித்தான்: எந்தப் பாடம், எப்போது எழுதித் தேறினாய், அவ்வளவே.

எம்.பி.ஏ. சேர்த்துவிட்டால் இடைவெளி மறைந்துவிடும் என்று உங்கள் அண்ணன் சொல்வதை ஏற்காதீர்கள். அந்தப் படிப்புக்கான ஆறு லட்சத்துக்காக ரப்பர் நிலத்தை அடமானம் வைக்கவே கூடாது, இதில் நான் இறங்கி வரமாட்டேன். படித்து முடித்த பிறகும் அதே கேள்வி வரும், கூடவே மெக்கானிக்கலை ஏன் விட்டாய் என்று இன்னொன்றும் வரும். அவனுக்குக் கை போவது இயந்திரத்தின் மேல்.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு வழி இருக்கிறது: 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சி, அதாவது ஒரு நிறுவனத்தில் உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலை பழகுவது. ஐ.டி.ஐ. பையன்களுக்கு மட்டும்தான் அப்ரண்டிஸ் என்று ஊரில் நினைக்கிறார்கள், இன்ஜினீயருக்கும் டிப்ளமோகாரருக்கும் உண்டு. ஒரு வருஷம். நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். நம் பக்கத்துக்குச் சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம்தான் இதைப் பார்க்கிறது. தேர்ச்சி பெற்று ஐந்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும், ஏற்கெனவே ஒரு வருஷம் வேலை அனுபவம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். தம்பிக்கு இரண்டுமே சரியாக இருக்கிறது. உதவித்தொகை பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-இல் நிர்ணயித்தார்கள், அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிற இஸ்ரோ மையமும், நம் அரசுப் போக்குவரத்துக் கழகமும் இப்படி ஆள் எடுத்திருக்கின்றன. அறிவிப்பு வரும்போது கடைசித் தேதியைத் தவறவிடாமல் இருந்தால் சரி.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தருவார்கள் என்று நம்பிப் போகக்கூடாது, அதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் அரசு தரும் தேர்ச்சிச் சான்றிதழோடு, ஒரு வருஷம் பட்டறையில் நின்ற கையோடு வெளியே வருவான். இதற்குப் பணம் கட்டச் சொல்லி யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், பதிவுக்கு ஒரு பைசாவும் வேண்டாம்.

சனிக்கிழமை மறுபடி வாருங்கள். டிகிரி சான்றிதழ், மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்து வரட்டும், இங்கேயே பதிந்துவிடலாம். அந்த ரோலர் கதையைத் தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை எனக்குச் சொல்லிக் காட்டட்டும். மாமாவையும் கூட்டி வாருங்கள், அவரும் கேட்கட்டும்.