அழுகை இருக்கட்டும், அந்தக் காய்ச்சலைச் சொல்லுங்கள்

மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் ஆனால் குழந்தை விடாமல் அழுகிறாள், நான்கு நாளாக மலம் போகவில்லை, அதற்கு முன் பச்சையாகப் போனாள், பால் கக்குகிறாள், முக்குகிறாள், விக்கல் வருகிறது, தலை வியர்க்கிறது என்று வரிசையாகக் கேள்விகள். இரண்டாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: "போன வாரம் ஒரு நாள் உடம்பு கொதித்தது. அக்கா மகனுக்கு வாங்கிய காய்ச்சல் மருந்து இருந்தது, கொஞ்சம் கொடுத்தோம், சரியாகிவிட்டது." அதற்கு நீங்கள் கேள்விக்குறிகூடப் போடவில்லை.

என் பதில் அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் மகளுக்கு இப்போது 42 நாள். மூன்று மாதம் முடியாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அன்றைக்கே, அது இரவாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வீட்டில் மருந்து கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்க்கும் வயது இது இல்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு 102 டிகிரி இருந்தாலும், அது ஓடி விளையாடினால் நான் பதறமாட்டேன். பச்சிளம் குழந்தையிடம் அந்தக் கணக்கு செல்லாது. கிருமி ஓர் இடத்தில் புகுந்தால் அதை அங்கேயே அடைத்து வைக்கும் பலம் அந்த உடம்புக்கு இன்னும் வரவில்லை. சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்துக்குப் போகும், அங்கிருந்து மூளை உறைக்கும் போகலாம். வெளியே தெரிவது பல நேரம் காய்ச்சல் மட்டும்தான். மருந்து கொடுத்து அதையும் இறக்கிவிட்டால் மருத்துவர்களான எங்களுக்குத் துப்பு எதுவும் மிஞ்சாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு இரவு, 35 நாள் ஆண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஸ்வெட்டர், ஒரு குல்லா, மேலே கம்பளித் துண்டு. "நேற்றெல்லாம் அழுதான் டாக்டர், இன்று மருந்து கொடுத்ததில் சமர்த்தாகத் தூங்குகிறான்" என்றார் அம்மா. ஒவ்வொரு துணியாக அவிழ்த்துவிட்டு உள்ளங்காலைச் சுண்டினேன். வீரிட்டு அழ வேண்டிய குழந்தை பாதிக் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. கடைசியாக எப்போது பால் குடித்தான் என்று கேட்டேன். அம்மாவும் பாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியத்திலிருந்து குடிக்கவில்லை. சிறுநீர்த் தொற்று, ரத்தத்திலும் கலந்திருந்தது. பத்து நாள் ஊசி மருந்து ஏற்றி நன்றாக வீட்டுக்கு அனுப்பினோம். இன்னும் ஒரு ராத்திரி அந்த "சமர்த்து" நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அக்கா மகன் மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாராசிட்டமால் கடையில் பல அளவில் இருக்கிறது. கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120, இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. அதாவது சாதாரண சிரப்பைவிடச் சொட்டு மருந்து நான்கு மடங்குக்கும் மேல் வீரியம். சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் கல்லீரல்தான் பதில் சொல்ல வேண்டும். "கொஞ்சம்" என்பது ஓர் அளவே கிடையாது. எடை பார்த்து ஒரு மருத்துவர் எழுதித் தராமல் இந்த வயதில் ஒரு சொட்டுகூட வேண்டாம். அந்தப் பாட்டிலை இன்றே தூக்கிப் போடுங்கள்.

கையை வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, சத்தம் வரும்வரை காத்திருங்கள். 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால், அதிகப்படியாகப் போர்த்தியதை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லையா, கிளம்புங்கள். 100.4 என்றால் மறுபடி பார்க்கவே வேண்டாம், கிளம்புங்கள். காய்ச்சல் இல்லாமலேயே பால் குடிக்க மறுத்து, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும், உடம்பு சில்லிட்டுப் போனாலும் இதே அவசரம்தான். வண்டி கிடைக்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். வழியில் பால் கொடுத்துக்கொண்டே, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோங்கள்.

சரி, இப்போது நீங்கள் உண்மையில் பயப்படுவதற்கு வருகிறேன். மூன்று பக்கத்திலும் நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பார்க்க வந்த அத்தை, "உனக்குப் பால் பத்தல, அதான் பிள்ளை அழுது" என்று சொன்னாரே, அது நிஜமா என்பதுதான் அது.

நிஜம் இல்லை. பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிறந்தபோது 2.8 கிலோ, போன திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துத் தராசில் 3.9 கிலோ. முதல் வாரத்தில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கும். அதையும் ஈடுகட்டி ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறாள். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும், உங்கள் மகள் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறாள். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை சிறுநீர் போகிறாள். ஆறு தடவை போனாலே பால் போதுகிறது என்று அர்த்தம். இந்த ஒரு கிலோவும் உங்கள் பாலில் வந்ததுதான் அம்மா, வேறு எங்கிருந்தும் வரவில்லை.

அத்தை சொன்னபடி சாயங்காலம் ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். பால் நிஜமாகவே குறைவது பல வீடுகளில் அப்படித்தான் தொடங்குகிறது. குழந்தை சப்பச் சப்பத்தான் சுரக்கும், மார்பு காலியானால்தான் உடம்பு அடுத்த வேளைக்கு உற்பத்தி செய்யும். ஒரு வேளை பாட்டில் போனால் அந்த வேளைக்கு இங்கே தேவை இல்லை என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். சாயங்காலத்தில் அரை மணிக்கு ஒரு தரம் குடிக்கக் கேட்பது இந்த வயதின் பழக்கம், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை சப்பியதும் ஒரு விழுங்கும் சத்தம் கேட்கும். அது கேட்டால் பால் போகிறது. பால்சுறாப் புட்டும் பூண்டும் பிடித்தால் சாப்பிடுங்கள். ஆனால் பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் நிறுத்தியிருப்பது தப்பு, இன்றே எல்லாம் சாப்பிட ஆரம்பியுங்கள்.

அழுகை இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். நீங்கள் இப்போது சரியாக அந்த உச்சத்தில் நிற்கிறீர்கள். தோளில் போட்டு ஏப்பம் எடுங்கள், முன்கையில் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவியபடி நடங்கள், சட்டை இல்லாமல் உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே உதவாத ராத்திரிகளும் வரும். ஆத்திரம் வந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் பத்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் யாரும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. மூளைக்குள் ரத்தம் கசியும்.

கிரைப் வாட்டர் வேண்டாம். 1851ல் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்து வைத்தது அது. பழைய பாட்டில்களில் ஆல்கஹாலும் சர்க்கரையும் இருந்தன, குழந்தைகள் அடங்கியதில் ஆச்சரியம் இல்லை. இன்று ஆல்கஹால் இல்லை, பலனும் இல்லை. ஆச்சி தேனில் இழைத்துத் தரும் உரை மருந்தையும் நிறுத்துங்கள். ஆச்சியின் அன்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அதில் இழைக்கும் ஜாதிக்காய் குழந்தையை மயக்கத்தில்தான் தூங்கவைக்கிறது. வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்காவில் அதை உணவில் சேர்ப்பதை 1968லேயே தடை செய்துவிட்டார்கள். தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைக்கக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். ஆச்சியிடம் குழந்தைக்குப் பாட்டுப் பாடச் சொல்லுங்கள்.

மற்றவை எல்லாம் சுருக்கமாக. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு வாரம் வரைகூட மலம் போகாமல் இருக்கலாம். போகும்போது இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள். முக்குவது, விக்கல், தலை வியர்ப்பது எதற்கும் மருந்து தேவையில்லை. கக்குவது துணி துவைக்கும் வேலையே தவிர நோய் இல்லை. ஆனால் வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் உடனே போக வேண்டும். பச்சை மலம் பால் ஒவ்வாமை என்று வீடியோவில் சொன்னவர் உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர் அல்ல. மலத்தில் ரத்தம் இல்லை, எடை ஏறுகிறது, ஒவ்வாமை இல்லை. நீங்கள் நிறுத்திய பாலையும் தயிரையும் மறுபடி சாப்பிடுங்கள்.

45 நாள் ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட வேண்டும். போட்ட அன்றும் மறுநாளும் உடம்பு சுடுவது சகஜம், மேலே சொன்ன காய்ச்சல் கணக்குக்கு இது ஒன்றுதான் விலக்கு. அதற்கு எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று எடை பார்த்து அங்கே மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் சுட்டாலோ, நடுவில் பால் குடிக்க மறுத்தாலோ ஊசிக் காய்ச்சல் என்று விடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்கு முன் போன வாரக் காய்ச்சலுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறாள் என்றாலும், நாளைக் காலை அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் காட்டி, அந்தக் காய்ச்சலையும் கொடுத்த மருந்தையும் மறைக்காமல் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் ஊசியை எப்போது போடலாம் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வந்துவிடலாம்.