மொராக்கோ போகிறவர்கள் உள்ளூர் வழக்கத்திலும் உடல்நலத்திலும் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மொராக்கோ இஸ்லாமிய நாடு என்பதால் கட்டுப்பாடுகள் எந்த அளவுக்கு இருக்கும், அங்குள்ள உணவும் தண்ணீரும் நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஃபெஸ், மராக்கேஷ் நகரங்களின் மதினாக்களில், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகர்ப்பகுதிகளில், தங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. உடலைக் காக்கும் ஏற்பாடுகள் பலவும் வழக்கத்தோடு கலந்தே இருக்கின்றன. உடலுக்கு ஆகாத ஒன்றிரண்டும் விருந்தோம்பலின் பெயரால் அதே வழக்கத்தில் வந்துசேர்கின்றன.

ஆகாதவற்றில் முதலாவது தேநீர். சீனத்துப் பச்சைத் தேயிலையைக் கொதிக்கவைத்து, கைநிறையப் புதினாவையும் கட்டி கட்டியாகச் சர்க்கரையையும் போட்டு, நுரை எழும்படி உயரத்திலிருந்து சிறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுகிறார்கள். குளிர்காலத்தில் புதினாவுக்குப் பதிலாகக் கசப்பான மாசிப்பத்திரி வகைத் தழையொன்றும் சேர்வதுண்டு. கொதித்த நீர் என்பதால் வயிற்றுக்குப் பயமில்லை, சர்க்கரைதான் பயம். கடைக்காரர் கொடுத்தாலும் வீட்டுக்காரர் கொடுத்தாலும் முதல் குவளையை மறுப்பது மரியாதைக் குறைவு என்பதால், கம்பளம் பார்க்கப் போன ஒரே பிற்பகலில் நான்கைந்து குவளைகள் உள்ளே போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் வலது கையை நெஞ்சில் வைத்து, தமக்குச் சர்க்கரை இருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அங்கும் அந்நோய் பரவலாக இருப்பதால் யாரும் தவறாக நினைப்பதில்லை, வற்புறுத்துவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பின் வீடுகளில் கூஸ்கூஸ் எனப்படும் ஆவியில் வெந்த கோதுமை ரவை உணவு ஒரே பெரிய தட்டில் வரும். அதற்கு முன்பே செம்பும் தாம்பாளமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் நீர் ஊற்றுவார்கள். பொதுத் தட்டில் உண்பதை அச்சத்தோடு பார்ப்பவர்கள் இந்தக் கைகழுவலைக் கணக்கில் எடுப்பதில்லை. தமக்கு எதிரே உள்ள பகுதியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நடுவில் உள்ள இறைச்சியை வீட்டுக்காரர் பகிர்ந்து தரும்வரை தொடக் கூடாது. இடக்கை விஷயம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஹம்மாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பொதுக் குளியலகம் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி இடமோ தனி நேரமோ இருக்கும். உள்ளாடையைக் களைவதில்லை. அடுத்தடுத்த அறைகளில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். ஆலிவ் எண்ணெயில் செய்த கரிய பசை போன்ற சோப்பை உடலெங்கும் பூசி ஊறவிட்டு, கெஸ்ஸா எனப்படும் சொரசொரப்பான கையுறையால் தேய்த்தால், இறந்த தோல் சாம்பல்நிறத் திரிகளாக உருண்டு உதிரும். பார்க்க வெட்கமாகத்தான் இருக்கும். கெஸ்ஸாவும் ரப்பர் செருப்பும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெப்ப அறையைத் தவிர்ப்பது நல்லது. மராக்கேஷில் அந்த நீரைச் சுடவைக்கும் உலையின் சாம்பலில், இறைச்சியும் ஊறுகாய் எலுமிச்சையும் சீரகமும் நிரப்பிய மண்சாடிகளைப் புதைத்துப் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். அதுவே தஞ்ஜியா. குளித்த பசிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ரமலானில் போகிறீர்கள் என்றால் ஒன்று. முஸ்லிமாக அறியப்பட்ட ஒருவர் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் நோன்பை முறிப்பதை அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 222ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பிற சமயத்தாரை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் பகலில் தெருவில் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக் குடிக்காமலிருப்பது பண்பு. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே விலக்கு அளித்திருப்பதால் மறைவாக உண்பதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்குள்ள இடம் அங்கே தக்காளி, பருப்பு, கொண்டைக்கடலை சேர்ந்த ஹரீரா என்ற சூப்புக்கு உண்டு. சைவர்கள் கேட்டுக்கொண்டு குடிக்கவும்; பெரும்பாலும் இறைச்சித் துண்டுகள் கிடக்கும். 2018 முதல் கிரீன்விச் நேரத்துக்கு 1 மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரத்தை அந்த மாதம் மட்டும் பின்னுக்குத் திருப்புகிறார்கள். வேளை தவறாமல் மருந்து எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உடையில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். மசூதிகளுக்குள் பிற சமயத்தாருக்கு அனுமதி இல்லை. 1993இல் திறக்கப்பட்ட காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் மசூதி முக்கியமான விதிவிலக்கு.

இனி, வழக்கம் காப்பாற்றாதவை. நகரங்களில் குழாய்நீர் சுத்திகரிக்கப்பட்டதே என்றாலும் புதிய வயிற்றுக்குப் புட்டித் தண்ணீரே நலம். 2010இல் மலேரியா ஒழிந்த நாடாகச் சான்று பெற்றதால் அதற்கு மாத்திரை தேவையில்லை. ஆனால் வெறிநோய் உண்டு. மதினாவில் எங்கும் திரியும் பூனைகள் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். மராக்கேஷின் ஜமா எல்ஃப்னா சதுக்கத்தில் சட்டென்று கையைப் பிடித்துக் கன்னங்கரிய மருதாணி இட வருபவர்களிடம் சம்மதிக்காதீர்கள்; அசல் மருதாணி செம்பழுப்பாகவே பற்றும், கறுப்பில் தலைச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கலாம், அது கொப்புளமும் தழும்பும் உண்டாக்கும்.

மருந்துக் கடைக்காரர்கள் பொறுமையாகக் கேட்டு ஆலோசனை சொல்கிறார்கள், பெரும்பாலும் பிரெஞ்சில். இரவில் திறந்திருக்கும் முறைக்கடை எது என்ற அறிவிப்பு ஒவ்வொரு மருந்துக் கடையின் கதவிலும் ஒட்டப்பட்டிருக்கும். நம் நாட்டு வணிகப் பெயர்கள் அங்கே தெரியாது என்பதால், நீங்கள் எடுக்கும் மருந்துகளின் மூலப்பெயரையும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.